செண்பகம் அத்தை வாங்கிய பிஸ்டன் இல்லாத வண்டி

திண்டிவனத்தில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குச் செண்பகம் அத்தைதான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மீதிப் பேரை ரோட்டில் பார்த்தாலே அவருக்கு முகம் சுருங்கிவிடும். "அடிக்கிற ஹாரனைக் கேட்டாலே தெரியல? எங்கிட்ட கத்துக்காத கேஸு" என்பார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. ஒலக்கூர் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிற குடும்பம் எங்களுடையது. பதினாலு வயதில் வீட்டு டிராக்டரை யாரிடமும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனவர், வண்டியைத் திருப்பத் தெரியாமல் ஏரியை முழுதாகச் சுற்றி அடுத்த ஊர் வழியாக வீடு வந்து சேர்ந்தார். "ரிவர்ஸ் கத்துக்கினது அதுக்கப்புறந்தான்" என்று இப்போதும் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் சொல்வார்.

கல்யாணமாகித் திண்டிவனம் வந்த மூன்றாம் வருடம் டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தார். ஒரு பழைய மாருதி, இரண்டு பக்கமும் பிரேக். பலகையில் அத்தையின் பெயர்; ஊருக்கு அவர் மாஸ்டரம்மா. உள்ளே மேசையில் சின்னதுரை மாமா. படிவம், போட்டோ, கையெழுத்து, ஆர்.டி.ஓ. ஆபீஸ் எல்லாம் மாமா பொறுப்பு. நல்ல நேரம், ராகுகாலம், எலுமிச்சம்பழம், பூசணிக்காய் ஆகியவையும் அவர் பொறுப்புதான். லைசென்ஸ் மட்டும் அவருக்குக் கிடையாது. மூன்று முறை டெஸ்ட்டுக்குப் போனார். மூன்றாவது முறை இன்ஸ்பெக்டர் பாதி வழியில் இறங்கி நடந்தே ஆபீசுக்குப் போய்விட்டார். அதோடு மாமாவும் விட்டுவிட்டார், இன்ஸ்பெக்டரும் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மாமா சொல்கிறார்.

அத்தையின் பாடத்திட்டம் ஊருக்கே தெரியும். முதல் மாணவர், ஒரு அரிசி மண்டிக்காரர், தெரிந்தவர் ஒருவரைப் பார்த்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்ட்பிரேக்கும் போடாமல் இறங்கிப் பேசப் போனார். மாருதி தானாக நகர்ந்து, மல்லாட்டை காயப்போட்டிருந்த களத்தில் போய் நின்றது. அன்றிலிருந்து முதல் வாரம் முழுக்க ஒரே பாடம்தான்: ஸ்டார்ட் பண்ணு, பத்தடி போ, நிறுத்து, ஆஃப் பண்ணு, சாவியைக் கையில் எடு. மறுபடி ஸ்டார்ட் பண்ணு. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. அத்தையிடம் படித்தவர்கள் மாடு குறுக்கே வந்தாலும் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் திட்டுவார்கள்.

இப்படி இருபத்திரண்டு வருடம். அத்தனை வருடமும் அத்தை உட்கார்ந்தது இடதுபக்க சீட்டில். காலடியில் பிரேக் உண்டு, முன்னால் ஸ்டியரிங் கிடையாது. பஸ்ஸில் போகும்போதுகூட அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். "ஊர்ல எல்லாரும் போறதுக்குக் கத்துக்கறாங்கடி. நான் நிறுத்தறதுக்கே பொறந்தவ" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் ஆறு வருடம் கப்பலிலும் பழத்தோட்டங்களிலும் வேலை பார்த்து நாடு நாடாகத் திரிந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். வீட்டில் கால் தரிக்கவில்லை. அத்தை எங்கே கிளம்பினாலும் மாருதியின் பின்சீட்டில் ஏறிக்கொள்வேன். அப்படித்தான் ஆரோவில்லை ஒட்டிய குயிலாப்பாளையத்துக்கும் போனேன்.

அங்கே ஒரு பெண்ணுக்கு வகுப்பு. அந்தப் பெண் வேலை செய்கிற வீட்டில்தான் ஜில்பேர் இருந்தார். பிரான்சிலிருந்து ஆரோவில்லுக்கு வந்து நாற்பது வருடமாகிவிட்டது. தமிழை முழுக்கக் குயிலாப்பாளையத்து டீக்கடைகளில் கற்றவர். இப்போது மகளோடு இருக்கப் பிரான்சுக்கே திரும்பிப் போகிறார். அவருடைய முந்திரி மரத்தடியில் ஒரு கார் நின்றது. தவிட்டு நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாக உயரம். ஜப்பானில் செய்து, பிரான்சில் ஓடி, கப்பலில் வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்.

அத்தை சுற்றி வந்து பார்த்தார். வழக்கம்போல இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். எதிரே ஸ்டியரிங் இருந்தது.

ஐந்து நிமிடம் இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முந்திரி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது எத்தினிக்குத் தருவீங்க?" என்றார்.

ஜில்பேர் தலையைச் சொறிந்தார். "கேட்டுட்டாங்க மாஸ்டரம்மா. பீச் ரோட்ல புதுசா ரிசார்ட்டு தொறக்கறானுங்க. எஞ்சினைக் கழட்டிப்புட்டு உள்ள மண்ணு போட்டு பூச்செடி வெக்கப்போறானுங்களாம். வாசல்ல."

"பூந்தொட்டியா!"

"ஆமா. வர்ற ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு வந்து தூக்கறாங்க."

அத்தைக்கு மூக்கு விடைத்தது. ஜில்பேர் அதைக் கவனித்தார். "சரி. ஓட்டறவங்களுக்குன்னா அவனுங்க சொன்ன வெலைக்கே தர்றேன். ஆனா இங்கேர்ந்து உன் ஊர் வரைக்கும் அதுவே ஓடிப் போவணும். கயிறு கட்டி இழுத்தா, நடுரோட்ல நின்னுச்சுன்னா, பூந்தொட்டிதான். ஷெட்டுல போட்டுத் துணி மூடி வெக்கறதுக்கு அந்தப் பூச்செடியே தேவலாம்."

அத்தை ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் நான்கு பேர் போனோம். அத்தை, மாமா, நான், மாருதியைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் இருதயராஜ். ஜில்பேர் சாவியைக் கொடுத்தார். அன்று மதியம் அவருக்கு நண்பர்கள் வீட்டில் வழியனுப்பு விருந்து. சைக்கிளில் ஏறியபடி ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"மாஸ்டரம்மா, ஸ்டார்ட் பண்ணா பத்து நிமிஷம் ஓடவுடு. ஆன் பண்ண உடனே ஆஃப் பண்ணாத. இன்னா, புரிஞ்சுதா?"

அத்தை தலையாட்டினார். அவருடைய மாணவர்கள் அவருக்கு ஆட்டுவார்களே, அதே தலையாட்டல்.

பத்தே காலுக்கு மாமா பூஜையை ஆரம்பித்தார். சந்தனம், குங்குமம், சம்பங்கி மாலை. நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். அத்தை இடதுபக்கம் ஏறி, சாமியைக் கும்பிட்டு, ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் தேனீக்கூட்டம் மாதிரி ரீங்காரமிட்டது. "இன்னா இது, தையல் மிஷின் சத்தம் வருது" என்றார் இருதயராஜ். கார் பத்தடி நகர்ந்தது. அத்தை நிறுத்தினார். ஆஃப் செய்தார். சாவியைக் கையில் எடுத்தார்.

மாமா குனிந்து பார்த்தார். குயிலாப்பாளையத்துச் செம்மண் பூப்போல இருக்கும். பழம் நாலும் மண்ணுக்குள் புதைந்திருந்தன. ஒன்றைத் தோண்டியெடுத்து ஊதிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"நசுங்கல செண்பகம்."

"நாலுமா?"

"நாலுந்தான். பின்னாடி வா."

அத்தை ஸ்டார்ட் செய்தார். பின்னால் பத்தடி. நிறுத்தி, ஆஃப் செய்து, சாவியை எடுத்தார். பழங்கள் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போயிருந்தன. மறுபடி முன்னால். ஐந்தாவது முறை முன்பக்கப் பழம் ஒன்று நசுங்கியது; எல்லோரும் கைதட்டினோம். எட்டாவது முறை இன்னொன்று. பின்சக்கரத்துப் பழம் இரண்டும் மட்டும் கல்மாதிரி கிடந்தன.

"ரெண்டு போதும் மாமா" என்றேன்.

"ரெண்டு சக்கரம் போதும்னா ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாமே" என்றார் மாமா.

"எஞ்சினை ஓடவிட்டே முன்னபின்ன போகலாமில்ல அத்தை? அவரு சொன்னாரே?"

"உங்க மாமா சக்கரத்துக்கு அடில தலைய வுட்டுக்கினு இருக்காரு. எஞ்சின ஓட வுடச் சொல்றியா? நான் எத்தினி பேருக்குப் பாடம் எடுக்கறேன்?"

குனிந்து பார்த்தேன். மாமாவின் கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

பதினோராவது முறைக்குப் பிறகு இருதயராஜுக்கு யோசனை வந்தது. கொல்லையில் கிடந்த கடப்பாக்கல் துண்டு இரண்டைக் கொண்டுவந்து பின்சக்கரத்துக்கு முன்னால் வைத்து, மேலே பழத்தை வைத்தார். "இப்ப எடுங்க மாஸ்டரம்மா. சட்னியாயிடும்."

அத்தை சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. மறுபடி. மறுபடி. ரீங்காரம் போய், தொண்டை கட்டியவர் இருமுவது போன்ற சத்தம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. வாசலெங்கும் பெட்ரோல் வாடை.

"கண்ணு பட்டுடுச்சு" என்றார் மாமா. முந்திரி மரத்தில் இரண்டு அணில்களைத் தவிர அங்கே பார்க்க யாருமில்லை. இருந்தாலும் பூசணிக்காய் உடைக்கப்பட்டது. மிளகாய் சுற்றியபோது, பெட்ரோல் வாடையில் நெருப்பு வேண்டாம் என்று நான் தடுத்ததால், மிளகாயைச் சுற்றி அப்படியே வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தார்கள்.

இருதயராஜ் பானெட்டைத் திறந்தார். உள்ளே குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"அக்கா."

"இன்னாப்பா?"

"இதுல எஞ்சினே இல்லக்கா. முன்னாடி பக்கெட்டு சைஸுல ஒண்ணு இருக்குது. நாலு பிளக்கு இருக்குது. சிலிண்டரு எங்க இருக்குதுன்னே தெரியல. பிஸ்டன் போற எடமே இல்ல."

"நல்லாப் பாரு இருதயம்."

"பாத்துட்டேன். பிஸ்டனைக் கழட்டி வித்துட்டாரு அந்த வெள்ளக்காரரு!"

"காலையில ஓடுச்சேப்பா!"

இருதயராஜ் யோசித்தார். பிஸ்டன் இல்லாமல் பதினோரு முறை ஓடிய வண்டியை அவர் முப்பது வருடத் தொழிலில் பார்த்ததில்லை. சட்டைக்குள் கழுத்தில் தொங்கிய புனிதரின் சுரூபத்தை எடுத்து முத்தமிட்டார். காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோணியார். "பிஸ்டன் எங்க இருந்தாலும் காட்டிக்குடுங்க சாமி. ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி ஏத்தறேன்" என்று வேண்டிக்கொண்டு, காருக்கடியில் படுத்துத் தேடத் தொடங்கினார்.

அத்தை கார் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூட அங்கேயே பிரித்துச் சாப்பிட்டார். நடுநடுவே சாவியைத் திருப்பிப் பார்ப்பார். மூன்று மணிக்கு பேட்டரியும் களைத்துவிட்டது. மூன்றரைக்கு என்னைப் பார்த்து, "பூச்செடின்னா இன்னா செடி வெப்பானுங்க?" என்று கேட்டார்.

"தெரியல அத்தை. காகிதப்பூவா இருக்கும்."

"த்தூ" என்றார்.

நாலு மணிக்கு ஜில்பேர் வந்தார். சைக்கிளை விட்டு இறங்கும் முன்பே மூக்கை உறிஞ்சினார். உடைந்த பூசணிக்காயைப் பார்த்தார். கடப்பாக்கல்லைப் பார்த்தார். காருக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இருதயராஜின் கால்களைப் பார்த்தார்.

"எத்தினி வாட்டி ஆஃப் பண்ணே?"

"பதினொண்ணு" என்றார் அத்தை.

"எதுக்கு?"

"எலுமிச்சம்பழம் நசுங்கல."

ஜில்பேர் அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். இது ரோட்டரி எஞ்சின். பிஸ்டனே கிடையாது. உள்ளே முக்கோணமாக ஒன்று கிரைண்டர் கல் போலச் சுற்றுகிறது. சூடாவதற்குள் நிறுத்தி நிறுத்தி எடுத்தால் பெட்ரோல் உள்ளேயே தேங்கி, பிளக்கு நனைந்துவிடும்.

காருக்கடியிலிருந்து இருதயராஜின் குரல் வந்தது. "அப்ப இது காரா, கிரைண்டரா?"

"மாவு அரைக்காத கிரைண்டரு."

அதன் பிறகு இருதயராஜ் வேறு ஆளாகிவிட்டார். காணாமல் போனது பிஸ்டன் அல்ல, விஷயம்தான் என்று தெரிந்ததும் அவருக்குத் தெம்பு வந்தது. நாலு பிளக்கையும் கழற்றித் துடைத்து, ஜில்பேரின் சமையலறையில் தோசைக்கல்லில் போட்டுப் புரட்டிப் புரட்டி வறுத்தார். மாருதியின் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டினார். அத்தையைச் செல்ஃப் அடிக்கவைத்து, தேங்கிய பெட்ரோலைப் பிளக்கு ஓட்டை வழியாக வெளியேற்றினார். ஜில்பேர் சொன்னபடி ஓட்டைகளில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊற்றி, பிளக்குகளைத் திரும்ப மாட்டினார்.

அப்போது மணி நாலே முக்கால். ரிசார்ட்டிலிருந்து தூக்குவண்டி வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. ஓட்டிவந்தவர் வல்லரசு என்ற நடுவயதுக்காரர். எட்டிப் பார்த்து, "ஓடலதானே? ஜல்தி முடிங்க. எனக்கு இன்னொரு லோடு இருக்குது" என்றார்.

இருதயராஜ் மாமாவைப் பார்த்தார். "அண்ணே, செல்ஃப் மட்டும் பத்தாது. தள்ளணும்."

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு வரை. ராகுகாலத்தில் அவர் தும்முவதைக்கூட அடக்கிக்கொள்வார். அத்தை காருக்குள்ளிருந்து அவரைப் பார்த்தார்.  

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். "புதுசா ஆரம்பிக்கறதுக்குத்தான் ராகுகாலம். நாம பத்தே காலுக்கே ஆரம்பிச்சாச்சு. இது கன்டினியூ. தள்ளுங்கப்பா!"

ஜில்பேர், மாமா, இருதயராஜ் மூவரும் தள்ளினார்கள். நான் உள்ளே, வலதுபக்க சீட்டில். கார் நகர்ந்தது, ஆனால் வேகம் பிடிக்கவில்லை. அத்தை தலையை வெளியே நீட்டி, "இன்னா தம்பி வேடிக்க பாத்துக்கினு நிக்கற? வா, கை குடு!" என்று வல்லரசுவை அதட்டினார். இருபத்திரண்டு வருடம் கட்டளையிட்டுப் பழகிய குரல் அது. வல்லரசு ஓடிவந்து தள்ள ஆரம்பித்த பிறகுதான் தான் எந்தக் கட்சி என்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "யோவ், நான் இன்னாத்துக்குத் தள்றேன்?" என்று கேட்டபடியே தள்ளினார்.

அத்தை இரண்டாவது கியரில் கிளட்சை விட்டார்.

வெடிச்சத்தம் ஒன்று. பிறகு புகை. ஊற்றிய ஆயில் முழுவதும் வெள்ளைப் புகையாக வந்தது. முந்திரி மரம் தெரியவில்லை, வீடு தெரியவில்லை, மாமா தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் யாரோ, "கொசு மருந்து அடிக்கறாங்க, கதவச் சாத்து!" என்று கத்தியது கேட்டது. புகைக்குள்ளிருந்து அந்த ரீங்காரம் எழுந்தது.

"நிறுத்தாத! நிறுத்தாத!" என்று மூன்று பேர் மூன்று திசையிலிருந்து கத்தினார்கள்.

அத்தை நிறுத்தவில்லை.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். வல்லரசுவின் தூக்குவண்டி பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. நடுரோட்டில் நின்றால் தூக்க வேண்டுமே. அதற்குப் பின்னால் மாருதி வரவில்லை. அதன் பேட்டரி எங்களிடம் இருந்தது.

கிளியனூர் அருகே வண்டிச் சோதனை. அத்தை ஓரங்கட்டினார். அவருடைய கை சாவியை நோக்கிப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கான்ஸ்டபிள் வலதுபக்கம், என்னிடம் வந்தார்.

"லைசென்ஸ் எடும்மா."

"நான் ஓட்டலைங்க."

அவர் குனிந்து என் மடியைப் பார்த்தார். ஸ்டியரிங் இல்லை. காலடியைப் பார்த்தார். எதுவும் இல்லை. "அப்ப யாரு ஓட்டறது?"

"இந்தாண்ட வா தம்பி" என்றார் அத்தை.

கான்ஸ்டபிள் சுற்றிப் போனார். "மொதல்ல எஞ்சினை ஆஃப் பண்ணுங்க மேடம்."

"பண்ணமாட்டேன்."

"இன்னாது?"

"பண்ணா பூந்தொட்டி ஆயிடும்."

அவர் முகத்தை உள்ளே நீட்டினார். "ஐய... மாஸ்டரம்மா! ஆஃப் பண்ணாம எறங்கினேன்னு மூணு நாள் என்னைக் களத்துமேட்டுல நிக்க வெச்சீங்களே, நீங்களா?"

"நானேதான். பேப்பரு டப்பால இருக்குது, பாத்துக்கோ. சாவி மேல மட்டும் கைய வெக்காத."

அவர் பேப்பரைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற வல்லரசுவிடம் ஏதோ கேட்டார். வல்லரசு இரண்டு கையையும் விரித்து ஏதோ சொன்னார். இருவரும் சேர்ந்து எங்களைப் பார்த்தார்கள். பிறகு கான்ஸ்டபிள் ஒதுங்கி நின்று எங்களுக்காக எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தினார்.

திண்டிவனத்துக்குள் நுழைந்தபோது மணி ஆறு. இருட்டத் தொடங்கியிருந்தது. அத்தை விளக்கைப் போட்டார். பானெட்டிலிருந்து எழும்ப வேண்டிய விளக்கு இரண்டில் ஒன்று மட்டும் எழும்பியது. ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டு டிரைவிங் ஸ்கூல் பலகைக்கு முன்னால் போய் நின்றோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வல்லரசு எங்களுக்குப் பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

"வந்துட்டீங்க மேடம்."

"வந்துட்டேன் தம்பி."

"எங்க மொதலாளிகிட்ட நான் இன்னா சொல்றது?"

"வேற தொட்டி பாக்கச் சொல்லு."

அவர் ஒரு நீண்ட ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"அவ்ளோதான் அத்தை. பத்து நிமிஷம் எப்பவோ தாண்டியாச்சு. இப்ப ஆஃப் பண்ணலாம்" என்றேன்.

அத்தை சாவியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அத்தை கியரைப் போட்டார்.

"எங்க போறோம்?"

"தெரியலடி."

நெடுஞ்சாலையில் ஏறி விழுப்புரம் பக்கம் திரும்பினோம். நான் பார்த்திருக்கிற எத்தனையோ ஓட்டுநர்களைவிட அத்தை நன்றாக ஓட்டினார். லாரிகளுக்கு வழிவிட்டார், வழிவிடாத லாரிகளைப் பற்றி அபிப்பிராயம் சொன்னார். ஒரு பஸ்ஸை முந்தியபோது பஸ்ஸின் இடதுபக்கம் இருந்தவர்களெல்லாம் வலதுபக்கத்துக்கு வந்து பார்த்தார்கள். அத்தையின் வலது கால் ஆக்சிலேட்டரை விட்டு எழவே இல்லை.

விழுப்புரம் ஊருக்குள் நுழைந்து, ஒரு பரோட்டாக் கடை வாசலில் ரீங்காரம் தானாக அடங்கியது. பெட்ரோல் முள் எப்போதோ தரையைத் தொட்டிருந்தது, நாங்கள்தான் பார்க்கவில்லை. கார் உருண்டு வந்து ஓரமாக நின்றது. நாலு பேர் கூடினார்கள். பிறகு நாற்பது பேர். பரோட்டா போடுகிறவர் கரண்டியோடு வந்து, வலதுபக்க ஜன்னலில் குனிந்து என்னிடம் கேட்டார்.

"இது யாரு வண்டிங்க?"

நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"என்னுது. பெட்ரோல் பங்க் வரைக்கும் கொஞ்சம் தள்ளி வுடறியாப்பா? அப்புறமா வந்து நாலு பரோட்டா சாப்பிடறோம்."